இடிமழைக்கு அப்புறம் மில் கம்ப்யூட்டரில் நெட் வரலை: லேன் லைட் எரியுது, ஐபி மட்டும் கிடைக்கலை

களத்துமேடு (மன்னார்குடி பக்கம்)

வணக்கம். ரைஸ் மில் ஆபீஸ்ல ஒரு டெஸ்க்டாப் இருக்கு, லினக்ஸ் மின்ட் 21. முந்தாநாள் ராத்திரி பலத்த இடி மின்னல், கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. காலையில ஆன் பண்ணினா கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, நெட் மட்டும் இல்லை.

அமைப்பு இப்படி: ஃபைபர் பாக்ஸ் எதிர்ல இருக்கிற வீட்டுக்குள்ள. அங்கேருந்து நெல் காயப்போடுற களத்துக்கு மேலால லேன் வயர் இழுத்து ஆபீஸுக்குக் கொண்டு வந்திருக்கு. சுமார் 30 மீட்டர் இருக்கும். வீட்டுல வைஃபையில போனெல்லாம் ஓடுது, ஆபீஸ் வரைக்கும் வைஃபை எட்டாது.

கம்ப்யூட்டர் பின்னாடி வயர் சொருகுற இடத்துல லைட் எரியுது. கீழ மூலையில இருக்கிற ஐகான் கொஞ்ச நேரம் சுத்திட்டு ‘கனெக்ஷன் ஃபெயில்டு’ன்னு நின்னுடுது. ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, பாக்ஸையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. கேபிள்காரர் வந்து பார்த்துட்டு பாக்ஸ் சரியா இருக்கு, கோளாறு உங்க கம்ப்யூட்டர்லதான்னு சொல்லிட்டுப் போயிட்டார். தெரிஞ்சவர் ஒருத்தர் மறுபடி ஓஎஸ் போட்டா சரியாயிடும்ங்கிறார். அரிசி லோடு பில் போட ஜிஎஸ்டி தளம் திறந்தே ஆகணும். டெர்மினல்ல அடிக்கச் சொன்னா அடிப்பேன், பயமில்லை. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

---

குடமுருட்டி

ஓஎஸ் போடும் பேச்சையே இப்போதைக்கு விடுங்கள். மின்னலில் போவது போர்டும் கம்பியும்தான், லினக்ஸ் அல்ல. நேற்றுவரை ஓடிய செட்டிங் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மாறாது. அதோடு, நெட் இல்லாத மெஷினில் புது ஓஎஸ் போட்டால் டிரைவர் இறக்கவும் வழியில்லாமல் இன்னும் மோசமான இடத்தில் நிற்பீர்கள்.

பாதை எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து பாக்ஸ் வரை, பாக்ஸிலிருந்து வெளியே, கடைசியாகத் தளத்தின் பெயர் எண்ணாக மாறும் இடம். இந்த வரிசையை விட்டுத் தாவாதீர்கள். கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து.

முதலில் இது:

ஐபி -பிஆர் ஏ

வரிசையாகச் சில பெயர்கள் வரும். ‘எல்ஓ’ என்பதை விட்டுவிடுங்கள். ‘ஈஎன்பி2எஸ்0’ மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் உங்கள் லேன். பக்கத்தில் ‘டவுன்’ என்றிருந்தால் வயர் வழியாக எதுவுமே வரவில்லை. ‘அப்’ என்றிருந்து, 192.168 என்று தொடங்கும் எண் இல்லாமல் ‘எஃப்இ80’ என்று தொடங்குவது மட்டும் இருந்தால், பாக்ஸ் ஐபி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்கான முகவரி எண்) கொடுக்கவில்லை. ஐகான் சுற்றிவிட்டு நிற்பது இதனால்தான். மின்ட்டில் நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் 45 வினாடி ஐபி கேட்டுக் காத்திருக்கும், பிறகு கைவிடும். நான்கு முறை அப்படி முயன்றுவிட்டு ஓய்ந்துவிடும். விண்டோஸ் மாதிரி 169.254 என்று ஏதாவது எண்ணை அதுவாகவே போட்டுக்கொள்வது இங்கே வழக்கமில்லை, அதைத் தேட வேண்டாம்.

பெயரே இல்லையென்றால் வேறு கதை. ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ அடித்து ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். வரியே இல்லையென்றாலும், இருந்தும் ‘ரெவ் எஃப்எஃப்’ என்று காட்டினாலும் சிப் பதில் சொல்லவில்லை என்று பொருள்.

அடுத்து, ஐபியை நாமே கையால் கொடுத்துப் பார்ப்பது. பாக்ஸின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1. வீட்டில் போனின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்று இருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்எம்சிஎல்ஐ டிவைஸ் செட் ஈஎன்பி2எஸ்0 மேனேஜ்டு நோ
சுடோ ஐபி லிங்க் செட் ஈஎன்பி2எஸ்0 அப்
சுடோ ஐபி ஏ ஆட் 192.168.1.77/24 டெவ் ஈஎன்பி2எஸ்0
பிங் -சி 4 192.168.1.1

முதல் வரியை விட்டுவிட்டால், நீங்கள் போட்ட ஐபியை நெட்வொர்க் மேனேஜர் கொஞ்ச நேரத்தில் அழித்துவிடும். இவை எதுவும் நிரந்தரமில்லை, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். எனவே தயங்க வேண்டாம்.

பிங் என்ன சொல்கிறது என்பதை அப்படியே இங்கே போடுங்கள். ‘வரலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’ என்றால் போகவே வழி எழுதப்படவில்லை, ஐபியோ ரூட்டோ இல்லை. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்றால் கேட்டோம், எதிர்ப்பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை. ‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் கோளாறு, வயரில் கைவைக்கவே தேவையில்லை. மூன்றும் வெவ்வேறு நோய்.

கூடவே இந்த மூன்றின் விடையும் வேண்டும்:

சுடோ ஈத்டூல் ஈஎன்பி2எஸ்0
ஐபி -எஸ் -எஸ் லிங்க் ஷோ ஈஎன்பி2எஸ்0
ஐபி என்

---

வெண்ணாறு77

தேதியைப் பாருங்க சார். கரண்ட் போய்ப் போய் வந்தா போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி வீக்கா இருந்து தேதி 2010க்குப் போயிடும். அப்புறம் எந்த சைட்டும் திறக்காது, செர்டிஃபிகேட் எரர் வரும். பத்துக்கு அஞ்சு கேஸ் இதுதான்.

---

கொள்ளிடக்கரை

வெண்ணாறு அண்ணே, தேதி தப்பா இருந்தா பிரவுசர்தான் மக்கர் பண்ணும். ஐபி கிடைக்கிறதுக்கும் தேதிக்கும் சம்பந்தம் இல்லை. இவருக்கு ஐபியே வரலைங்கிறாரே.

அதுவுமில்லாம மின்ட் 21ல சிஸ்டம்டி-டைம்சிங்க்டி ஓடுது. கடைசியா சரியா இருந்த நேரத்தை டிஸ்க்ல குறிச்சு வச்சுக்கும். பேட்டரி செத்து கடிகாரம் பின்னாடி போயிருந்தாலும், பூட் ஆகும்போது அந்தக் குறிப்பு வரைக்குமாவது நேரத்தை முன்னாடி தள்ளிடும். 2010ங்கிற கூத்து பழைய மெஷின்லயும் விண்டோஸ்லயும்தான் அதிகம். ‘டைம்டேட்சிடிஎல்’னு அடிச்சா ஒரு நொடியில தெரிஞ்சிடும், பார்க்கிறதுல நஷ்டமில்லை. ஆனா இங்க அது விடை இல்லை.

களத்துமேடு, குடமுருட்டி கேட்ட விடைகளைப் போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணி, பவர் வயரைச் சுவத்துலேருந்தே புடுங்கிடுங்க, லேன் வயரையும் புடுங்குங்க. பவர் பட்டனை 15 வினாடி அமுக்கிப் பிடிங்க. அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி சொருகுங்க. ரீஸ்டார்ட் பண்றதும் இதுவும் ஒண்ணில்லை. மெஷின் ஆஃப்ல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கிற பவர் சப்ளை) 5 வோல்ட் கொடுத்துக்கிட்டேதான் இருக்கும், லேன் சிப் அதுல முழிச்சுக்கிட்டு இருக்கும். அதிர்ச்சியில சிப் உறைஞ்சு போயிருந்தா ரீஸ்டார்ட்ல தெளியாது, முழுக்கக் கரண்டை எடுத்தாத்தான் தெளியும். செலவில்லாத வைத்தியம், முதல்ல இதைப் பாருங்க.

---

களத்துமேடு

பவரைப் புடுங்கிப் பார்த்தாச்சு, மாற்றமில்லை. தேதி சரியாத்தான் இருக்கு.

ஐபி -பிஆர் ஏ: ஈஎன்பி2எஸ்0, அப், எஃப்இ80 மட்டும்.

ஈத்டூல்: ஸ்பீடு 100, டூப்ளெக்ஸ் ஃபுல், லிங்க் டிடெக்டட் எஸ்.

கையால ஐபி போட்டு பிங் அடிச்சா நாலுமே ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’.

ஐபி என்: 192.168.1.1 பக்கத்துல ‘ஃபெயில்டு’.

அந்த -எஸ் -எஸ் அடிச்சதுல ஆர்எக்ஸ் (உள்ளே வர்றது) பாக்கெட் ஒற்றை இலக்கம்தான், எரர் ஆயிரத்துக்கு மேல. சிஆர்சிங்கிற கட்டத்துலயும் கிட்டத்தட்ட அதே எண். டிஎக்ஸ்ல (வெளியே போறது) பாக்கெட் ஏறுது, எரர் சைபர்.

டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்) ‘லிங்க் இஸ் டவுன்’, ‘லிங்க் இஸ் அப்’னு மாத்தி மாத்தி வந்துக்கிட்டே இருக்கு.

லிங்க் அப்னு காட்டும்போது ஏன் பேச மாட்டேங்குது?

---

கொள்ளிடக்கரை

சிஆர்சி எரர்தான் இதுல பேசுற சாட்சி. எதிர்ப்பக்கத்துலேருந்து சிக்னல் வருது, ஆனா உருக்குலைஞ்சு வருது. சிப் ஒவ்வொரு பாக்கெட்டையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்து, கணக்கு ஒத்து வரலைன்னு தூக்கிப் போடுது. லைட் எரியறதுக்குக் கொஞ்சம் துடிப்பு வந்தாப் போதும், பாக்கெட் பிழைக்கிறதுக்குச் சுத்தமான சிக்னல் வேணும். லைட்டை நம்பி வயர் நல்லாருக்குன்னு சொல்றது கேபிள்காரங்க எல்லார்கிட்டயும் இருக்கிற பழக்கம்.

டிஎக்ஸ் ஏறுதேன்னு ஏமாறாதீங்க. சிப் கையில ஒப்படைச்சதைத்தான் லினக்ஸ் எண்ணும், அது பாக்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு அதுக்குத் தெரியாது.

ஆக இது டிரைவரோ செட்டிங்கோ இல்லை. மூணு இடத்துல ஒண்ணு: களத்துக்கு மேல போற வயர், பாக்ஸோட போர்ட், கம்ப்யூட்டரோட போர்ட். மாத்தி மாத்திச் சொருகித்தான் கண்டுபிடிக்கணும்.

ஒரு லேப்டாப்பை ஆபீஸுக்குக் கொண்டு வந்து அதே வயரைச் சொருகுங்க. நெட் வந்தா வயரும் பாக்ஸும் நல்லாருக்கு. வரலைன்னா வீட்டுக்குப் போய் பாக்ஸ்ல அதே போர்ட்டுல, கடையில வாங்கின ஒரு மீட்டர் வயரைப் போட்டுப் பாருங்க. அங்க வந்தா நீள வயர்தான் குத்தவாளி. டெஸ்க்டாப்பையும் ஒரு தடவை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் அதே ஒரு மீட்டர் வயர்ல பார்த்துடுங்க. மானிட்டர் கனமா இருந்தா வீட்டு டிவியில எச்டிஎம்ஐ போட்டுக்கலாம்.

வயரைச் சோதிக்கும்போது ரெண்டு முனையையும் கையில எடுத்துப் பாருங்க. நம்ம பக்கத்து ரைஸ் மில்லுல உமித்தூசியும் ஈரமும் சேர்ந்து ஆர்ஜே45 (வயர் முனையில இருக்கிற பிளக்) பின்ல பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும். அந்த முனையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காம வெட்டிட்டுப் புதுசா கிரிம்ப் பண்ணிடுங்க. அடுத்தது எலி. மூட்டை அடுக்கின சுவரோரமா வயர் போனா கடிச்சிருக்கும், மேல்தோல் கொஞ்சமா பிஞ்ச மாதிரிதான் தெரியும், உள்ளே ஒரு ஜோடி அறுந்திருக்கும். வெள்ளை இல்லைன்னா சாம்பல் நிற வயரா இருந்தா அது வீட்டுக்குள்ள போடுற பிவிசி. சித்திரை வெயில்ல வெடிச்சு, ஐப்பசி மழையில தண்ணி உள்ள இறங்கும். வெளியில போட வேண்டியது கறுப்புத் தோல் வச்ச வயர். விலை குறைவா கிடைக்கிறதுல பாதி, அலுமினியத்துக்குச் செம்பு பூசினது. நாலு தடவை வளைச்சா உள்ளேயே ஒடிஞ்சிடும்.

---

குடமுருட்டி

மேலே சொன்னதோடு ஒரு சின்ன விஷயம். 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஆயிரம் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆனால் எந்த வேகத்தில் பேசலாம் என்ற பேரம் அந்த முதல் நான்கு கம்பியிலேயே முடிந்துவிடும். 4-5, 7-8 ஜோடிகளில் ஒன்று அறுந்திருந்தால் இரு பக்கமும் ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டு, தொடங்கியதும் விழுந்து, மறுபடி எழுந்து என்று ஆடிக்கொண்டே இருக்கும். சில சிப்புகள் தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும். இந்த நிலை என்று சந்தேகம் வந்தால்:

சுடோ ஈத்டூல் -எஸ் ஈஎன்பி2எஸ்0 ஆட்டோநெக் ஆன் அட்வர்டைஸ் 0எக்ஸ்008

இது 100 ஃபுல் மட்டும்தான் எனக்கு வரும் என்று எதிர்ப்பக்கத்திடம் சொல்லும். இணையத்தில் பல இடங்களில் ‘ஸ்பீடு 100 டூப்ளெக்ஸ் ஃபுல் ஆட்டோநெக் ஆஃப்’ என்று எழுதியிருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். நாம் பேரத்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பக்கம் வேகத்தை மட்டும் ஊகித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது) போய் நிற்கும். பிங் நன்றாக வரும், ஒரு பைல் இறக்கினால் ஊர்ந்து போகும். அந்த வியாதியைப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம்.

வயர் சோதனை நடக்கும்போதே பில் வேலை நிற்காமல் இருக்க, ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் சொருகி, போன் செட்டிங்கில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) ஆன் செய்யுங்கள். மின்ட் அதை இன்னொரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு வயரில் இது வராது, டேட்டா போகிற வயராக இருக்கட்டும். டெதரிங்கில் நெட் வந்தால் ஓஎஸ் பக்கம் பழுதில்லை என்பதும் நிரூபணமாகிவிடும்.

---

களத்துமேடு

லேப்டாப்பை ஆபீஸ் வயர்ல சொருகினேன், நெட் ஜம்முனு வருது. டெஸ்க்டாப்பை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் புது ஒரு மீட்டர் வயர்ல பார்த்தேன், அதே எரர், அதே சிஆர்சி. 0எக்ஸ்008 போட்டும் பார்த்தேன், பலனில்லை. அப்ப டெஸ்க்டாப்போட போர்ட்தான் போச்சுன்னு எடுத்துக்கலாமா?

டெதரிங் ஆன் பண்ணினேன். ஐபி வந்துச்சு. 8.8.8.8க்கு (கூகுளோட டிஎன்எஸ் எண்) பிங் அடிச்சா பதில் வருது. ஆனா பிரவுசர்ல ஒரு தளமும் திறக்கலை. தளத்தோட பேர் போட்டு பிங் அடிச்சா ‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’. இப்ப ஓஎஸ்லயும் ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?

---

வெண்ணாறு77

பாத்தீங்களா, ரெண்டு கோளாறு. இதுக்குத்தான் மொத்தமா ஓஎஸ் போட்டா நிம்மதின்னு சொல்றது.

---

குடமுருட்டி

இரண்டு கோளாறுதான், வெண்ணாறு சொல்வது சரி. ஆனால் இரண்டாவதற்கு ஓஎஸ் தேவையில்லை, நான்கு வரி போதும். அது மின்னலுக்கு முன்பிருந்தே இருந்த கோளாறு என்பது என் ஊகம். ஒரு வரியில் தெரிந்துவிடும்:

எல்எஸ் -எல் /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப்

மின்ட் 21ல் அந்த பைல் உண்மையான பைலாக இருக்கக் கூடாது. அம்புக்குறி போட்டு ‘/ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப்’ என்ற இடத்தைக் காட்டும் லிங்காக இருக்க வேண்டும். (ஆங்கிலத்தில் அடிக்கும்போது பைலின் பெயரில் ‘ரிசால்வ்’ கடைசியில் ‘ஈ’ எழுத்து இல்லை, நடுவில் வரும் ஃபோல்டரின் பெயரில் உண்டு.) திறந்தால் உள்ளே ‘நேம்சர்வர் 127.0.0.53’ என்று இருக்கும். அது உங்கள் மெஷினுக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டின் முகவரி. எந்த நெட்வொர்க்கில் சேர்ந்தாலும் அந்தந்த இடத்து டிஎன்எஸ் எண்ணை வாங்கி அதுவே சமாளித்துக்கொள்ளும்.

அம்புக்குறி இல்லாமல் நேரே பைலாக இருந்து, உள்ளே 10 என்று தொடங்கும் எண்ணோ, 127.0.0.53 அல்லாத வேறு எண்ணோ இருந்தால், முன்பு எப்போதோ நெட் மெதுவாக இருந்ததற்கு யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். 10 என்று தொடங்குவது கேபிள் ஆபரேட்டரின் உள் நெட்வொர்க்கில் இருக்கும் டிஎன்எஸ். அவருடைய ஃபைபரில் இருக்கும்வரை பதில் சொல்லும். போன் டெதரிங் வழியாகப் போனால் அந்த முகவரியே எட்டாது. இத்தனை நாள் ஓடியதும், இன்று டெதரிங்கில் ஓடாததும் அதனால்தான்.

பழையபடி ஆக்க:

சுடோ ஆர்எம் /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப்
சுடோ எல்என் -எஸ் /ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப்
சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-ரிசால்வ்டு
ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்

முதல் வரியிலேயே ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று மறுத்தால், எழுதியவர் பூட்டும் போட்டிருக்கிறார். ‘எல்எஸ்ஏடிடிஆர்’ கட்டளையில் அந்த பைலுக்கு நேரே ‘ஐ’ என்ற எழுத்து தெரியும். ‘சுடோ சிஎச்ஏடிடிஆர்’, பிறகு மைனஸ் ஐ, பிறகு பைலின் பெயர் என்று அடித்துப் பூட்டை எடுத்துவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள். இப்படிப் பூட்டி வைக்கும் யோசனையை இணையத்தில் யார் பரப்பினார்களோ தெரியவில்லை, இதைவிடக் கெட்ட வைத்தியம் கிடையாது.

கடைசி வரியில் டெதரிங் கார்டின் கீழே ‘டிஎன்எஸ் சர்வர்ஸ்’ என்று ஏதாவது எண் வந்தால் வேலை முடிந்தது. கையால் எழுதியே ஆக வேண்டும் என்றால் நெட்வொர்க் செட்டிங்கில் அந்த கனெக்ஷனுக்குள், ஐபிவி4 பக்கத்தில் எழுதுங்கள்.

போர்ட் விஷயம்: ஆமாம், போய்விட்டது. அதே வயரில் லேப்டாப் ஓடுகிறது, வேறு வயரிலும் டெஸ்க்டாப் ஓடவில்லை. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

---

காவிரிப்பூம்பட்டணம்

வயரிங், ஃபைபர் பக்கத்திலிருந்து சில வார்த்தை. போர்டோடு ஒட்டிய லேன் சிப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் காசுக்குப் புது கார்டே வாங்கிவிடலாம். இரண்டு வழி. பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 கார்டு, ரியல்டெக் 8111 அல்லது 8168 சிப். லினக்ஸ் கெர்னலில் இருக்கும் ஆர்8169 டிரைவர் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர், ரியல்டெக் 8153 சிப், யுஎஸ்பி 3.0. அதற்கும் டிரைவர் உள்ளேயே உண்டு. எதுவானாலும் சில நூறு ரூபாய். கேபினெட்டைத் திறக்க வேண்டாம் என்பதற்காக யுஎஸ்பியைச் சொல்வேன். நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் சொருகுங்கள்.

சொருகியதும் பெயர் மாறும். யுஎஸ்பி அடாப்டருக்கு ‘ஈஎன்எக்ஸ்’ என்று தொடங்கி அதன் மேக் முகவரி (கார்டிலேயே பதிந்திருக்கும் எண்) முழுக்க வரும், பார்க்க நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பழைய ‘வயர்டு கனெக்ஷன் 1’ ஈஎன்பி2எஸ்0 பெயரோடு கட்டப்பட்டிருந்தால் புது கார்டில் ஒட்டாது, மின்ட் தானே ‘வயர்டு கனெக்ஷன் 2’ உருவாக்கிக்கொள்ளும். பிரிண்டருக்காகவோ வேறெதற்கோ பழையதில் நிலையான ஐபி எழுதியிருந்தால் அதை மறக்காமல் புதியதிலும் எழுத வேண்டும். சில கேபிள் ஆபரேட்டர்கள் முதலில் சேர்ந்த மேக் முகவரியைப் பதிந்து வைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் பாக்ஸ் ரூட்டராகவே ஓடுகிறது, வைஃபையில் போன்கள் ஓடுகின்றனவே, அந்தத் தொல்லை உங்களுக்கு வராது.

கார்டு மாற்றுவது சுலபம். அடுத்த இடிக்கும் அந்தப் புது கார்டு தாங்குமா என்பதுதான் கேள்வி. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் திறந்த களத்தின் மேல் 30 மீட்டர் செம்புக் கம்பி இழுத்திருக்கிறீர்கள். மின்னல் நேரே விழ வேண்டியதில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே அந்தக் கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடும். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் 1500 வோல்ட் தாங்கும் கணக்கில் செய்தது. இடி அதைக் கேட்டுக்கொண்டு வராது. மேலும் வீட்டுக்கு ஓர் எர்த், மில் மோட்டாருக்கு வேறு எர்த். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வரும்போது அதைச் சமன் செய்யும் பாலமாக உங்கள் லேன் வயர் ஆகிவிடுகிறது.

ஆகவே செம்பை எடுத்துவிட்டு ஃபைபரையே ஆபீஸுக்கு நீட்டச் சொல்லுங்கள். கேபிள்காரருக்கு இது அரைமணி நேர வேலை: டிராப் கேபிள் ஒரு துண்டு, முனைக்குப் பச்சை நிற எஸ்சி ஏபிசி கனெக்டர். பாக்ஸ் ஆபீஸில் இருக்கட்டும். வீட்டுக்கு வைஃபை வேண்டுமென்றால், இரண்டு மீடியா கன்வர்ட்டர் (லேன் சிக்னலை ஃபைபருக்கு மாற்றும் பெட்டி) வாங்கி நடுவில் ஃபைபர் போட்டு அங்கே ஒரு ரூட்டர் வைக்கலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது.

அதில் ஒரு கண்ணி உண்டு. தொங்கவிடும் டிராப் கேபிளில் தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி ஓடும், அது மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். அதைச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட வேண்டும். இழை மட்டும் உள்ளே வரட்டும். பல இடங்களில் இரும்புக் கம்பியையும் சேர்த்து பாக்ஸ் வரை கொண்டு வந்து சுருட்டி வைத்திருப்பார்கள்.

எர்த் குழியையும் பாருங்கள். நம் களிமண் மழைக்காலத்தில் ஈரமாக இருந்து நன்றாக வேலை செய்யும். ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகு பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து எர்த் பைப்பை விட்டு விலகிவிடும். கோடை இடிமழை வருவதும் அப்போதுதான். குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஃபைபர் மாற்றும்வரை மேகம் கறுத்தால் இரண்டு முனையிலும் லேன் வயரைப் புடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் ஆஃப் செய்வதில் லேன் வழியாக வருவது நிற்காது.

---

களத்துமேடு

ரிசால்வ்.கான்ஃப் விஷயம் அப்படியே. நேர் பைலாத்தான் இருந்துச்சு, உள்ளே 10ல ஆரம்பிக்கிற எண், பூட்டும் இருந்துச்சு. எடுத்துட்டு லிங்க் போட்டேன், டெதரிங்குல ஜிஎஸ்டி தளம் திறந்து பில் போட்டாச்சு. மன்னார்குடியில 8153 சிப் அடாப்டர் கிடைச்சுது, சொருகின உடனே நெட் வந்துடுச்சு. ஃபைபர் நீட்ட கேபிள்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. பழைய போர்ட்டுல வயரே இல்லை, ஆனாலும் டிமெசேஜ்ல ஈஎன்பி2எஸ்0 லிங்க் அப், டவுன்னு அப்பப்ப வந்துக்கிட்டே இருக்கு. அதை அப்படியே விட்டுடலாமா?

---

கொள்ளிடக்கரை

விடாதீங்க. வயர் இல்லாமலே லிங்க் அப்னு கத்துதுன்னா உள்ளே ஏதோ பழுதாகிக் கிடக்கு. லாகும் நிரம்பும், நெட்வொர்க் மேனேஜரும் ஒவ்வொரு தடவையும் அதுல ஐபி தேடி ஓடும். பூட் ஆகும்போது டெலீட் இல்லைன்னா எஃப்2 அமுக்கி பயாஸுக்குள்ள (போர்டோட சொந்த செட்டிங்) போங்க. ‘ஆன்போர்டு லேன்’னு இருக்கிறதை டிசேபிள் பண்ணிட்டு எஃப்10 அடிச்சு சேவ் பண்ணுங்க. பக்கத்துல ‘வேக் ஆன் லேன்’ (லேன் வழியா மெஷினை எழுப்புறது) இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க.

யுஎஸ்பி அடாப்டரோட பேர் மேக் முகவரியை வச்சு வர்றதால இதனால மாறாது. பின்னாடி எப்பவாவது பிசிஐ கார்டு போட்டா மட்டும் மத்த கார்டுகளோட எண் நகரலாம், ஈஎன்பி2எஸ்0 இருந்த இடத்துல ஈஎன்பி3எஸ்0 வரும். அப்ப ஐபி வரலைன்னா பேரை முதல்ல பாருங்க. செத்த போர்ட்டோட வாயில ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க, இல்லைன்னா யாராவது பழக்கதோஷத்துல வயரை அங்கயே சொருகிடுவாங்க.